தங்கவயலின் வழிபாட்டிடங்கள்: நுழைவுரிமை அல்ல, நிலவுரிமை

கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் நிலத்தில் குவிந்து கிடக்கும் கழிவுமண் மேடுகளை மீண்டும் தோண்டித் தங்கம் பிரித்தெடுக்க ஒன்றிய அரசு முன்வைத்த திட்டத்துக்கு, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. 13 மேடுகள்; பரப்பு சுமார் 1,003 ஏக்கர். சயனைடு மலை என்று ஊர்மக்கள் அழைக்கும் இம்மேடுகளில் எவ்வளவு தங்கம் எஞ்சியிருக்கும், உரிமத் தொகையாக மாநிலத்துக்கு எவ்வளவு வரும், வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று விவாதம் நடந்தது. நடக்க வேண்டிய விவாதம்தான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்றும் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போய்த் திரும்புகிறார்கள். அவர்களுக்கு வேலை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் நிறுவன நிலம் என்ற சொல்லுக்குள் மண்மேடுகள் மட்டும் அடங்கவில்லை. தொழிலாளர் லைன்கள் அடங்குகின்றன. அந்த லைன்களின் ஓரத்தில் நூறாண்டுக்கும் மேலாக எழுந்து நிற்கும் பௌத்த சங்கங்கள், மாதா ஆலயங்கள், பஜனை மடங்கள், மாரியம்மன் கோயில்கள் அடங்குகின்றன. இவற்றைக் கட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன ஒடுக்கப்பட்ட மக்கள். இவ்விடங்கள் யாருடையவை என்ற கேள்வியை, எந்திரங்கள் இறங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

தலித் அரசியலில் வழிபாட்டிடம் என்றதும் நம் நாவில் முதலில் வருவது 'நுழைவு' என்ற சொல். 1924இல் வைக்கம், 1930இல் நாசிக் காலாராம் கோயில், 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயில் என்று தொடங்கி, 2023இல் பூட்டி முத்திரையிடப்பட்ட மேல்பாதி திரௌபதியம்மன் கோயில் வரை நீளும் வரலாறு அது. அரசியலமைப்பின் 25(2)(ஆ) கூறும் மதராஸ் மாகாணத்தின் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டமும் இந்த நுழைவைத்தான் பேசுகின்றன. பிறருடைய கோயிலின் வாசலில் நின்று கேட்கும் உரிமை அது. தங்கவயலின் வரலாறு வேறு. அங்கே நம் முன்னோர் யார் வாசலிலும் நிற்கவில்லை. தாங்களே கட்டிக்கொண்டார்கள். அதனால் அங்கே எழும் வழக்கும் வேறு. கட்டியவருக்கு அந்த மண்ணின் மீது என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் அந்த வழக்கு.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால்பதித்தது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆசியாவிலேயே முன்னோடியான மின்திட்டங்களுள் ஒன்று என்று பாடநூல்கள் பெருமைப்படுவது இதைத்தான். சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே இறங்கியவர்கள் ஊர்ப் பண்ணைகளை விட்டு ஓடிவந்த பறையர்கள். சுரங்க வேலை பண்ணையடிமைத்தனத்தைவிட மேலானது என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும் ஏர்பிளாஸ்ட்டுக்கும் நுரையீரலைத் தின்னும் தூசுக்கும் நடுவே அப்படி எண்ணினார்கள் என்பதே, அவர்கள் விட்டுவந்த ஊர் எத்தகையது என்பதற்குச் சான்று.

நிறுவன நகரத்தில் எல்லாம் நிறுவனத்துடையது. வீடு, தெரு, மருத்துவமனை, காவல் ஆகிய எதுவும் விலக்கல்ல. ஐரோப்பிய அதிகாரிகள் ஊரிகத்தில் தமக்கென ஆங்கிலிக்கன் தேவாலயம் எழுப்பிக்கொண்டார்கள். மனமகிழ் மன்றம் வைத்துக்கொண்டார்கள். தொழிலாளி கூடிப் பேச ஓரிடம் இருந்ததென்றால் அது அவர் தம் லைனில் எழுப்பிக்கொண்ட வழிபாட்டிடம் மட்டுமே. தொழிற்சங்கம் சட்டப்படி காலூன்றுவதற்கு வெகுகாலம் முன்பே பஜனை மடமும் பௌத்த சங்கமும் அங்கே காலூன்றிவிட்டன. கைரேகைப் பதிவுக்கு எதிராக 1930இல் தங்கவயல் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் அம்மக்கள் எங்கே கூடிப் பழகினார்கள், எங்கே எழுத்தறிந்தார்கள், தலைமை தாங்கக் கற்றது எங்கே என்று கேட்டால், விடையின் பெரும்பகுதி இந்தச் சிறு கட்டடங்களுக்குள் இருக்கிறது.

இவற்றுள் பௌத்த சங்கங்களைப் பற்றி நின்று பேச வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். சென்னைக்கு வெளியே அச்சங்கம் மிக ஆழமாக வேர்பிடித்த இடம் தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் எழுந்தன. 1914இல் பண்டிதர் மறைந்தபின் இயக்கத்தை உயிரோடு வைத்திருந்ததும் இவ்வூர்தான். 'தமிழன்' இதழ் 1926இல் மீண்டும் வெளிவந்தது சாம்பியன் ரீஃபிலிருந்து, ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை மறுபதிப்பித்து நம் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை. இன்று பல்கலைக்கழகங்களில் அயோத்திதாசர் ஆய்வுப்பொருள் ஆகியிருக்கிறார். அந்த ஆய்வுகளின் அடிக்குறிப்புகளுக்கு அடியில் சுரங்கக் கூலியிலிருந்து பிடித்துவைத்த சில்லறைக் காசு கிடக்கிறது.

நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தீட்சை ஏற்றது 1956இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள் பிராமணப் புரோகிதர் இல்லாமல் திருமணம் செய்தார்கள். நீத்தார் சடங்கைப் பௌத்த முறையில் நடத்தினார்கள். புத்தர் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். 1954இல் அண்ணல் தங்கவயலுக்கு வந்தபோது அவர் வந்து சேர்ந்தது பௌத்தம் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த ஓர் ஊருக்கு. (பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' 2024இல் வெளியானபோது அதில் புத்தர் எங்கிருந்து வந்தார் என்று சமூக ஊடகங்களில் கேட்டவர்கள், மாரிக்குப்பத்துக்கு ஒருமுறை போய்வரலாம்.)

சட்டத்துக்கு வருவோம். ஒரே லைனில் எதிரெதிரே ஒரு பஜனை மடமும் ஒரு பௌத்த சங்கமும் ஒரு மாதா ஆலயமும் இருக்கின்றன என்று கொள்வோம். மூன்றிலும் வழிபடுவோர் ஒரே சாதி, ஒரே சுரங்கம், பெரும்பாலும் ஒரே குடும்பம். அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950இன் மூன்றாம் பத்தி அவர்களை மூன்றாகப் பிரிக்கிறது. தொடக்கத்தில் இந்துக்களுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி என்றது அந்த ஆணை. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியே.

நம்மிடம் சட்ட உதவி கேட்டு வந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் பௌத்தர், தம்பி கத்தோலிக்கர். தாத்தா ஒருவரே, சுரங்கத்தில் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். அண்ணன் மகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடைத்தது, அதுவும் ஓர் அலுவலகத்தில் '1990 திருத்தம்' என்ற சொற்களை எழுத்தில் காட்டிய பிறகு. தம்பி மகளுக்குக் கிடைக்கவில்லை. கல்லூரி இடம், உதவித்தொகை, வேலை ஆகியவற்றோடு இழப்பு நிற்கவில்லை. தெருவில் சாதிப் பெயர் சொல்லி ஒருவர் இழிவுபடுத்தினால், அக்காளுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வரும்; தங்கைக்கு வராது. இழிவுபடுத்துகிறவர் ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போகிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாயைத் திறப்பதில்லை.

இந்தப் பாகுபாட்டுக்கு நீதிமன்றம் சொன்ன காரணம் நமக்குப் பழையது. 1985இல் சூசை வழக்கில், சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஓர் ஆதிதிராவிடக் கிறித்தவருக்கு, அரசு இலவசமாகத் தரும் பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் சாதியின் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்றது உச்ச நீதிமன்றம். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவரைவிடக் கூடுதலான சான்று என்ன வேண்டும் என்று நாம் கேட்கலாம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியையே நீக்கச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் காலமும் நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையில் 2024 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு வழக்கில், கிறித்தவ வாழ்வு வாழ்ந்துகொண்டே இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று கூறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. பொய் சொல்லவைக்கும் விதி அப்படியே இருக்க, பொய் சொன்னவர் மட்டும் மோசடிக்காரர் ஆகிறார்.

வழிபாட்டிடங்களின் நிலவுரிமையைப் பேசவந்த கட்டுரையில் சான்றிதழ்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று வாசகர் கேட்கக்கூடும். இரண்டும் ஒரே முடிச்சு. 1950 முதல் 1990 வரை, தன்னைப் பௌத்தர் என்று ஏட்டில் எழுதிய பறையர் பட்டியல் சாதித் தகுதியை இழந்தார். 1907இலிருந்து பௌத்தராக வாழ்ந்த குடும்பத்துக்கும் அதே விதிதான். பிள்ளைகளின் படிப்பைக் காப்பாற்றக் காகிதத்தில் இந்து, வாழ்வில் பௌத்தர் என்ற இரட்டை வாழ்க்கைக்கு அந்த நாற்பது ஆண்டுகள் மக்களைத் தள்ளின. அதன் விளைவாகப் பள்ளிப் பதிவேட்டிலும் கணக்கெடுப்பிலும் தங்கவயலின் பௌத்தர்கள் தேய்ந்துபோனார்கள். இப்போது அதே அரசின் முன் நின்று, இங்கே ஒரு பௌத்த சமூகம் தலைமுறை தலைமுறையாக இருந்தது, இது அதன் வழிபாட்டிடம் என்று நிறுவ வேண்டும். சான்றை அழித்தவரிடமே சான்று காட்ட வேண்டிய நிலை.

நிலம் பற்றிய சட்டங்கள் நமக்கு எந்த அளவு துணைநிற்கும்? 1991ஆம் ஆண்டு வழிபாட்டிடங்கள் சட்டத்தைப் பலர் நினைப்பார்கள். 1947 ஆகஸ்ட் 15இல் ஒரு வழிபாட்டிடம் எந்தச் சமயத்துடையதாக இருந்ததோ, அந்தச் சமயத் தன்மையை மாற்றக் கூடாது என்பது அச்சட்டம். பௌத்த சங்கத்தைப் பிள்ளையார் கோயிலாக மாற்றும் முயற்சி நடந்தால் அது பயன்படும். அத்தகைய முயற்சி நம் நாட்டில் அரிதன்று. ஆனால் நிலத்தின் உரிமையாளர் கட்டடத்தையே அகற்ற முனைந்தால், தன்மை மாற்றம் என்ற வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஐயமே.

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் தனியாரிடமிருந்து கையகப்படுத்தும்போதுதான் அது உயிர்பெறும். இங்கே நிலம் ஏற்கெனவே பொதுத்துறை நிறுவனத்துடையது. லைன் வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்பவர், பட்டா இல்லாதவரை, அச்சட்டத்தின் கண்ணில் எளிதில் படமாட்டார். மாறாக, 1971ஆம் ஆண்டுப் பொது வளாகங்கள் (அனுமதியற்ற குடியிருப்போரை வெளியேற்றல்) சட்டத்தின் கண்ணில் மட்டும் சட்டென்று படுவார். அவருடைய கோயிலும் அப்படியே.

2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பொதுத் தெருக்களிலும் பூங்காக்களிலும் பிற பொது இடங்களிலும் அனுமதியின்றி இனி வழிபாட்டிடம் எழுப்பக் கூடாது என்றும், ஏற்கெனவே இருப்பவற்றை மாநில அரசுகள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த ஆணையைக் காட்டி 2021இல் மைசூரு மாவட்டத்தில் நஞ்சன்கூடு வட்டத்தில் ஒரு கோயில் இடிக்கப்பட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. சில வாரங்களுக்குள் கர்நாடகச் சட்டமன்றம், பொது இடங்களில் ஏற்கெனவே உள்ள சமயக் கட்டடங்களைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. ஒரு கோயிலுக்காக இவ்வளவு விரைந்த சட்டமன்றம், சட்டத்தின் சொற்களை ஒரு சமயத்துக்கு மட்டும் என்று எழுத முடியாது. இது நமக்கு வாய்த்த ஒரு பிடி. தங்கவயல் சங்கங்கள் இச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோரி மாவட்ட நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் விண்ணப்பிக்கலாம். சிக்கல் ஒன்று உண்டு: நிலம் ஒன்றியப் பொதுத்துறையுடையது; சட்டம் மாநிலத்தினுடையது. 1971ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டத்தோடு இது மோதும்போது எது நிற்கும் என்ற வாதம் நிச்சயம் எழும். எழட்டும், வாதம் நடக்கும் நாள்வரை கட்டடம் நிற்கும்.

அரசியலமைப்பின் 25, 26ஆம் கூறுகளைச் சொன்னால் போதாதா? போதாது. வழிபாட்டிடத்தையும் அரசு கையகப்படுத்தலாம் என்று 1994இல் இஸ்மாயில் ஃபரூக்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தீர்ப்பை நாம் ஏற்கவில்லையென்றாலும் அதற்குள்ளேயே ஒரு விலக்கு இருக்கிறது. ஓரிடம் ஒரு சமயத்தாருக்குத் தனிச்சிறப்பு வாய்ந்ததாக இருந்து, அதை இழந்தால் அச்சமயத்தைப் பின்பற்றும் உரிமையே இல்லாமற்போகும் என்ற நிலை இருந்தால், அதன் தகுதி வேறு. தமிழ் பௌத்தம் நவீன காலத்தில் உயிர்பிழைத்த இடம் மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும். இவற்றுக்கு மாற்றாக வேறோர் இடத்தில் ஒரு மண்டபம் கட்டித்தருவது ஈடாகாது என்று நாம் வாதிட முடியும். வெல்லுமா என்பது வேறு கேள்வி. ஒடுக்கப்பட்டோரின் சிறு கட்டடத்துக்குத் 'தனிச்சிறப்பு' உண்டென்று ஏற்கும் பழக்கம் நம் நீதிமன்றங்களுக்கு இன்னும் வரவில்லை.

தொல்லியல் சட்டங்களின் பார்வையும் இப்படித்தான். தங்கவயலிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் கோலார் நகரத்தில் கோலாரம்மன் கோயில் இருக்கிறது. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கொண்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்க வேண்டியதுதான். ஆனால் அரசன் வெட்டிவைத்த தமிழ் வரலாறாகிறது. கூலித்தொழிலாளி அச்சிட்ட தமிழ் பழைய காகிதமாகிறது. நூறாண்டு கடந்த கட்டடங்களுக்கு மாநிலத் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரும் விண்ணப்பத்தில் கல்வெட்டு இல்லையென்பதால் நாம் தயங்க வேண்டியதில்லை. அப்பாதுரையாரின் இதழே கல்வெட்டு.

தங்கவயலுக்கு இன்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இவற்றைப் பார்ப்பதில்லை. அவர்கள் போவது அருகிலுள்ள கம்மசந்திரத்தின் கோடிலிங்கேசுவரர் கோயிலுக்கு. 1980இல் தொடங்கிய அக்கோயிலில் 108 அடி உயர லிங்கம் நிற்கிறது. சுற்றிலும் பக்தர்கள் பணம் கட்டி நிறுவிய இலட்சக்கணக்கான சிறு லிங்கங்கள். அங்கே போகிற எளிய மக்களோடு நமக்குப் பகையில்லை. அவர்களில் லைன்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுரங்கம் மூடிய ஊரின் அடையாளமாக அந்த லிங்கமும் ஒரு திரைப்பட நாயகனின் துப்பாக்கியும் ஆகிவிட்ட நிலையில், இந்த ஊரைக் கட்டியவர்கள் படத்திலிருந்தே வெட்டப்படுகிறார்கள். காட்சியில் இல்லாதவரை வெளியேற்றுவது எளிது.

எனவே செய்ய வேண்டியவை அவசரமானவை. கழிவுமண் மேடுகளுக்கான குத்தகை முடிவாகும் முன், நிறுவன நிலத்திலுள்ள எல்லாச் சமய வழிபாட்டிடங்களையும் கல்லறைகளையும் இடுகாடுகளையும் குறிக்கும் கூட்டு அளவாய்வு நடத்தப்பட வேண்டும். அளவாய்வுக் குழுவில் சங்கங்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ்ப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும்போது, தூசும் நீரும் மட்டுமல்லாமல் இவ்விடங்களும் எழுத்துமூலம் பதிவாக வேண்டும். அங்கே பதிவாகாத எதிர்ப்பைப் பின்னர் பசுமைத் தீர்ப்பாயத்தில் எழுப்பினால், ஏன் அன்றே சொல்லவில்லை என்ற கேள்விதான் முதலில் வரும். பஜனை மடத்தாரும் ஆலயத்தாரும் சங்கத்தாரும் தனித்தனி மனுவாகப் போகாமல் ஒரே மனுவாகப் போவது நல்லது. மூன்றாம் பத்தி பிரித்ததை ஒரு மனுவாவது சேர்க்கட்டும்.

கல்லூரி மாணவர்களால் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. சங்கத்தின் சந்தா இரசீது, திருமணப் பதிவேடு, புத்தர் பிறந்தநாள் துண்டறிக்கை, கட்டட நன்கொடைப் பட்டியல், லைன் எண் குறித்த சுரங்க வேலை அட்டை ஆகியவை இன்னும் பல வீடுகளின் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் ஆவணம், உரியவர் காவலிலிருந்து எடுக்கப்பட்டால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே பெட்டியிலிருந்து எடுக்கும்போது யார் வீட்டில், யார் முன்னிலையில், எந்தத் தேதியில் எடுத்தோம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுத்துக்கொண்டு மூலத்தை அந்த வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.